முப்பத்தோராம் கட்டத்துக்கு எதிரே எழுதிய சொல்

2022 செப்டெம்பர் 13, செவ்வாய்க்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். கிணற்றுத் தண்ணீர் ஆறாவது வளையத்துக்கு இறங்கியிருந்தது. வெறும் தேநீர் குடித்துவிட்டு, சைக்கிளின் பின் ரயருக்குக் காற்றடித்து, 5.35க்கு வட்டக்கச்சியில் உள்ள வீட்டிலிருந்து புறப்பட்டேன். மோட்டார் சைக்கிள் வீட்டில் நின்றது. ஆனால் தட்டுப்பாட்டில் வாரத்துக்கு இவ்வளவு என்று அளந்து தந்த பெற்றோல் பங்கை ஞாயிற்றுக்கிழமையே முடித்திருந்தேன். வேலைத்தளம் பதினொரு கிலோமீற்றர் தூரம். 6.30க்குச் சேர்ந்தேன்.

இவ்வளவும் என் நாட்குறிப்பில் உள்ளவை. நான் தினமும் எழுதுகிறவன். ஒரே அளவான எழுத்து, ஒரே நீல மை. அன்றைய பக்கத்தில், மாலையில் நடந்ததை எழுதிய கடைசி மூன்று வரிகள் மட்டும் கோணலாகப் போயிருக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. மிதிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்றில் பதிவு எழுதுகிறேன். வேலை நடக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொன்னால்தான் மீதி விளங்கும். ஒரு நிலத்தைப் பத்து மீற்றர் கட்டங்களாகப் பிரித்து எண் கொடுப்போம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் கவச அங்கியோடு முழந்தாளில் இருந்து, நீண்ட பிடி போட்ட ரேக்கால் மண்ணைச் சுரண்டிச் சுரண்டிப் பார்ப்பார். எங்கள் தளத்தில் பெரும்பாலும் பெண்கள்தான். ஒரு கட்டத்துக்கு நாள்கணக்காகும். முடிந்ததும் பொறுப்பாளர் கருவி வைத்துப் பார்ப்பார். அதன்பிறகு அந்தக் கட்டத்தின் எண்ணுக்கு எதிரே, தாளில் நான் ஒரே ஒரு சொல்லை எழுதுவேன். கிளியர்.

அந்தச் சொல் இல்லாமல் எங்கள் பக்கத்தில் ஒரு நாள் போகாது. அன்று காலை நான் சைக்கிளை வெளியே எடுக்கும்போதே மனைவி சொன்னார்: “படம் கிளியராம். டொக்டர் சொன்னவர். ஆனா இருமல் நிக்கேல்லை.” முதல் நாள் அவருக்கு நெஞ்சுப் படம் எடுத்திருந்தார்கள். வழியில் சந்தித்த ஒருவர், தம் காணியின் உறுதிப்பத்திரம் இன்னும் கிளியர் இல்லை என்றார். தொலைபேசியில் குரல் கிளியர் இல்லை, வானம் கிளியர், கணக்குப் பாடம் கிளியர், வெளிநாடு போக பொலிஸ் கிளியரன்ஸ். தமிழில் இவை ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சொல் இருக்கிறது. நாங்கள் ஒன்றை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சமாளிக்கிறோம்.

யுத்த காலத்தில் அந்தச் சொல் எங்கள் மேலேயே இருந்தது. இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் வராத வன்னிக்குள் இருந்தவர்கள் ‘கிளியர் செய்யப்படாத’ பகுதியின் ஆட்கள். இருபத்தைந்து வயதில் வவுனியாவில், பயண அனுமதி கொடுக்கும் ஒரு மேசைக்கு முன்னால் நின்றேன். “கிளியரா, அன்கிளியரா?” என்று தலை நிமிராமல் கேட்டார் ஒருவர். “அன்கிளியர்” என்றேன். அவர் கேட்டது என் ஊரைத்தான். ஆனாலும் அந்தப் படிவத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, என் பெயருக்குப் பக்கத்தில் யாரோ கரிக்கோடு போட்டதுபோல இருந்தது. பிற்காலத்தில் அதே சொல்லை நிலங்களுக்கு எழுதிக்கொடுக்கும் வேலை எனக்குக் கிடைத்தபோது, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பதின்மூன்று வருடங்களில் எத்தனையோ ஆயிரம் தரம் எழுதியிருப்பேன்.

செப்டெம்பர் 13 அன்று நாங்கள் கையளித்தது இரண்டு ஏக்கர் காணி. அதன் சொந்தக்காரர் சின்ன வயதில், தமிழர் மீதான கலவரத்துக்குப் பிறகு, மலையகத்திலிருந்து பெற்றோருடன் வன்னிக்கு வந்தவர். காடு வெட்டி நிலமாக்கிய குடும்பம். யுத்தம் முடிந்து எல்லோரும் திரும்பி வந்தபோது, அவர்களுடைய காணியைச் சுற்றி மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைகள் நின்றன. அந்த வேலிக்கு வெளியே, தம் அண்ணனின் வளவில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு, அவரும் மனைவியும் தங்கள் நிலத்தைப் பார்த்தபடியே பன்னிரண்டு வருடம் கூலி வேலை செய்தார்கள். இனி காலபோக மழை தொடங்கும். அதற்கு முன் உழுது விதைக்க வேண்டும். டீசல் தட்டுப்பாடு இன்னும் தீராத நேரம். அவர் நாட்கணக்கில் வரிசையில் நின்று சேர்த்த டீசலைக் கொடுத்து, மறுநாள் காலை ஆறு மணிக்கு உழவு மெசின் ஒன்றை ஒழுங்கு செய்திருந்தார்.

கையளிக்கும்போது எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நிலத்தைத் துப்புரவாக்கிய எல்லோரும், சொந்தக்காரரும், ஒரு வரிசையாக நின்று காணியின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நடப்போம். “பாருங்கோ, நாங்களே நடக்கிறம்” என்பதற்காக. அன்றும் நடந்தோம். காணியின் நடுவில் ஒரு புற்று இருந்தது, என் இடுப்பளவு. அதற்குக் கிட்ட வந்ததும் வரிசை தானாக இரண்டாகப் பிரிந்து, புற்றைச் சுற்றிப்போய், மறுபடி சேர்ந்துகொண்டது. புற்றில் யார் மிதிப்பார்கள்? எனக்கு அது ஒரு விடயமாகவே படவில்லை.

சொந்தக்காரரின் மனைவி மட்டும் அங்கே நின்று கும்பிட்டார். பிறகு என்னிடம் வந்தார்.

“சேர், எல்லா எடமும் கிளியர்தானுங்களே?”

“ஓம் அக்கா, முழுக்கக் கிளியர்.”

“புத்தடியும்?”

“அதுவும்தான். நான்தானே எழுதினனான்.”

“அப்ப சரிங்க. ஏர் எறங்க முந்தி நாகம்மாவுக்கு நாலு கம்பு நட்டு ஒரு கூரை போடுறதா வேண்டியிருக்கேன். இன்னிக்கி பொழுதுக்குள்ள போட்டுறணும்.”

நல்லது செய்யுங்கோ என்று சொல்லிவிட்டு, பெட்டியில் வைத்துத் தந்த கற்கண்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மாலை 4.10க்கு வீடு. குளித்துவிட்டு 4.40க்கு நாட்குறிப்பைத் திறந்தேன். ஒரு தளத்தில் வேலை முடிந்தால், அது தொடங்கிய நாளின் பக்கத்துக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டு வருவது என் பழக்கம். எத்தனை வேலை நாள், எத்தனை மழை நாள் என்று கடைசியில் ஒரு வரி எழுதுவேன். மனைவி அதைப் பார்த்துச் சிரிப்பார். அன்றும் கேட்டார்: “முடிஞ்ச வேலையைத் திருப்பிப் பாத்து என்ன காணப்போறியள்?”

ஜூன் 9, வியாழக்கிழமை. என் கையெழுத்தில் இப்படி இருந்தது: “31இல் புற்று, நாகம் உண்டு. சுற்றிவரப் பார்த்தாயிற்று. புற்றடி பாக்கி. சிவப்புத் தடி நான்கு.”

படித்ததும் அந்த நாள் முழுவதும் ஞாபகம் வந்தது. அந்தக் கட்டத்தில் வேலை செய்தவர் இரண்டு பிள்ளைகளின் தாய். நான் அவரைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். புற்றுக்கு ஒரு மீற்றர் முன்னால் ரேக்கை வைத்துவிட்டு எழுந்து வந்து சொன்னார்: “அண்ணை, புற்றில நான் ரேக் வைக்கமாட்டன். என்ர மூத்தவள் நாகதம்பிரானுக்கு நேந்து பிறந்தவள்.” பக்கத்துக் கட்டத்திலிருந்து ஒருத்தி, “வெடிக்குப் பயப்பிடாதவா பாம்புக்குப் பயப்பிடுறா” என்றாள். “பயமில்லையடி, மரியாதை” என்றார் இவர். எல்லோரும் சிரித்தோம். அன்றைய பொறுப்பாளரும் வற்புறுத்தவில்லை. பிறகு வேறு ஆளை விட்டுப் பார்ப்போம் என்று, புற்றைச் சுற்றி நான்கு சிவப்புத் தடி நடச் சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமை, டீசல் முடியப்போகிறதென்று வேலையை நிறுத்தினோம். லொறியின் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, எல்லோரும் ஏறிவிட்ட பிறகு, நான் தாளை முழங்காலில் வைத்து மிச்சத்தை எழுதினேன். 28ஆம் கட்டத்துக்கு எதிரே கிளியர் என்று எழுதினேன். அதன் கீழே 34 வரைக்கும் மேற்படி என்பதற்குப் போடும் இரண்டு சிறு கோடுகள். ஆறு தரம். வேலை மறுபடி தொடங்கியபோது அந்தப் பொறுப்பாளர் வேறு தளத்துக்குப் போய்விட்டார். கட்டாக்காலி மாடுகள் தடிகளை விழுத்தியிருந்தன. புதியவர் என் தாளைப் பார்த்து அடுத்த கட்டங்களுக்குப் போனார். வெளியிலிருந்து வந்து பரிசோதிப்பவர்கள் சில கட்டங்களைத்தான் தெரிந்தெடுப்பார்கள். 31 அதில் வரவில்லை.

கையளிப்புக் கோப்பின் நகல் என் பையில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். 31க்கு எதிரே இரண்டு சிறு கோடுகள், அழகாக, நேராக.

உடனே சொந்தக்காரருக்கு எடுத்தேன். அவர்கள் பக்கத்தில் மின்வெட்டு நேரம், அவருடைய தொலைபேசி வேலை செய்யவில்லை. அலுவலகத்திலும் யாரும் எடுக்கவில்லை. பிறகு அந்தத் தங்கச்சிக்கு எடுத்தேன்.

“புற்றடியை ஆர் பாத்தது?” என்று கேட்டேன்.

“பிறகு ஆரோ வந்து பாத்தவை எண்டெல்லோ நான் நினைச்சனான். நீங்கள் கிளியர் எண்டு எழுதியிருந்தியள்தானே அண்ணை?”

அடுத்த மூச்சிலேயே அவர் சொன்னார்: “அந்த அக்கா இண்டைக்குக் கம்பு நடப்போறா. அலவாங்கு போடுவினம். வெளிக்கிடுங்கோ அண்ணை. நான் பொறுப்பாளரைப் பிடிக்கிறன்.”

4.58க்கு வீட்டை விட்டுப் புறப்பட்டேன். நேரத்தைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. வழியில் வேறு எதுவும் ஞாபகம் இல்லை. 5.41க்கு அந்தக் காணியின் வேலிக்கு வந்து சைக்கிளைப் போட்டேன். வெயில் சாய்ந்திருந்தது. நாற்பது மீற்றருக்கு அப்பால் புற்றடியில் சொந்தக்காரரும் மனைவியும் நின்றார்கள். இரண்டு கம்பங்கள் நட்டாயிற்று. அவர் குழி தோண்டும் இரும்பு அலவாங்கைத் தலைக்கு மேலே தூக்கி மூன்றாவது குழியில் போட்டுக்கொண்டிருந்தார். மனைவி குந்தியிருந்து மண்ணைச் சிரட்டையால் அள்ளினார். பின்னால் கூரைக்கான கிடுகுகள் அடுக்கியிருந்தன.

“அண்ணை, நிப்பாட்டுங்கோ. அலவாங்கைப் போடாதேங்கோ” என்று கத்தினேன்.

அவர் அலவாங்கை ஊன்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தார். “என்னாங்க சேர், எதையும் மறந்துட்டுப் போயிட்டீங்களா? உள்ள வாங்க.”

நான் வேலியில் நின்றேன். காலையில் கதைத்துச் சிரித்துக்கொண்டு நடந்த நிலம். ஆனால் அது முழுவதும் என் தாளில்தான் கிளியராகியிருந்தது. ஒரு கட்டத்தில் நான் எழுதியது பொய்யானால் மற்றக் கட்டங்களில் எழுதியது என்ன?

“வாங்க சேர், கிளியர்தானே?” என்றார் அவர் மறுபடி. அவர் கேலியாகச் சொல்லவில்லை. கூப்பிடத்தான் செய்தார்.

அப்போது எனக்கு உதவியது என் எழுத்தல்ல. ஒவ்வொரு கட்டத்திலும் யார் இருந்தார் என்று எனக்குத் தெரியும். 12இல் யார், 19இல் யார், எந்த வெயிலில் எத்தனை நாள் முழந்தாளில் இருந்தார்கள் என்று கண்ணால் பார்த்தவன் நான். அவர்களின் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு உள்ளே நடந்தேன். தடிகள் நின்றிருக்க வேண்டிய இடத்துக்கு இரண்டு அடி முன்னால் நின்றேன்.

“அண்ணை, அலவாங்கை அப்பிடியே மெல்ல நிலத்தில கிடத்துங்கோ. அக்கா, எழும்பி, வந்த காலடியிலேயே கால் வைச்சு வாங்கோ. வேறை எங்கையும் மிதிக்காதேங்கோ.”

அவருக்கு விளங்கிவிட்டது. பன்னிரண்டு வருடம் மண்டையோட்டுப் பலகைக்குப் பக்கத்தில் இருந்தவருக்கு விளங்காமல் இருக்குமா? மனைவியை முதலில் அனுப்பினார். அவர் சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியையும் நிலத்தில் தேடித் தேடி வைத்து வந்தார். நாலு அடிதான். பிறகு இவர் வந்தார். மூவரும் வேலிக்கு வெளியே வந்து நின்றோம்.

“காலையில கிளியர்னீங்க” என்றார் அவர்.

“ஓம்.”

“இப்ப இல்லையா?”

“புற்றடியை ஒருத்தரும் பாக்கேல்லை. பாக்காமல் நான் எழுதிப்போட்டன். பிழை என்னுடையது.”

அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார். “நாளைக்கி மெசின் வருது சேர். அவனுக்கு நான் என்னா பதில் சொல்றது? மறுபடி டீசலுக்கு எங்கிட்டுப் போய் நிக்கிறது? ஒங்களுக்கு என்னங்க, வெரல அசைச்சு எழுதிட்டுப் போயிருவீங்க.”

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

அவருடைய மனைவி கொட்டிலுக்குள் போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். வாங்கும்போது பாதித் தண்ணீர் என் சட்டையில் கொட்டியது. “குடிங்க. வட்டக்கச்சியில இருந்தா மிதிச்சு வாறீங்க?” என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

நான் சைக்கிளைத் தூக்கும்போது சொந்தக்காரர் பின்னால் வந்தார். “இதை ஆபீஸ்ல சொல்லுவீங்களா?”

“ஓம்.”

“வேலை போயிருமா?”

“தெரியாது அண்ணை.”

அவர் என் பின் ரயரைக் காலால் தட்டிப் பார்த்தார். காற்று இறங்கியிருந்தது. அண்ணன் வீட்டிலிருந்து பம்ப் எடுத்துவந்து அவரே அடித்துத் தந்தார். அப்போது பொறுப்பாளரும் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். வேலியில் சிவப்பு நாடாவை மறுபடி கட்டினோம். காலையில் நாங்களே அவிழ்த்த அதே நாடா.

இதைப் படிப்பவர்கள், அங்கே ஏதாவது இருந்ததா என்று கேட்பார்கள். இருந்தது. வியாழக்கிழமை காலை அந்தத் தங்கச்சியே முன்வந்து அந்த இடத்தைப் பார்த்தார். கவச அங்கியைப் போடுமுன் எல்லைத் தடிக்கு வெளியே பாலை வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றார். “கேட்டிட்டன் அண்ணை. அவர் விலகித் தருவார்” என்றார். அவர் இருந்த நேரம் முழுவதும் நாகம் வெளியே வரவில்லை. 10.40க்கு விசில் ஊதினார். புற்றின் வடக்குப் பக்கத்தில், நான்காவது கம்பத்துக்கு அந்த அக்கா மஞ்சள் துணி சுற்றிக் குச்சி குத்தி வைத்திருந்த இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, ஒரு மிதிவெடி.

கையளிப்பு ஒன்பது நாள் பிந்தியது. உழவுக்கு நிறுவனமே ஒழுங்கு செய்துகொடுத்தது. மழைக்கு முன் விதைத்தார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள். அதைக் கோப்பில் வைக்காமல் நாட்குறிப்பின் அந்தப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன். இப்போது எங்கள் தாள்களில் மேற்படிக் கோடு போட யாருக்கும் அனுமதி இல்லை. புற்றுக்கு மேலே நான்கு கம்பங்களில் ஒரு கூரை இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் அந்த அக்கா தேத்தண்ணி தருவார். அவருடைய கணவர், “என்னாங்க சேர், ரோட்டு கிளியரா?” என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். சிரிப்பதற்கு எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் எடுக்கிறது.

அந்தச் சொல்லை நானும் இன்று வரை சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் அதைச் சொல்லாமல் வாழ முடியாது. வானத்துக்கும் தொலைபேசிக்கும் யோசிக்காமல் சொல்லிவிடுவேன். ஒரு மனிதர் கால் வைக்கப்போகும் இடத்துக்குச் சொல்வதென்றால், அங்கே முழந்தாளில் இருந்தவரின் முகம் எனக்குத் தெரிகிறதா என்று முதலில் பார்க்கிறேன். தெரியாவிட்டால் வாயை மூடிக்கொள்கிறேன்.

நாட்குறிப்பின் அடுத்த பக்கம் செப்டெம்பர் 14, புதன்கிழமை. காலை 5.45க்கே, அலுவலகம் திறப்பதற்கு முன், போய் வாசலில் நின்றேன். திறந்ததும் நான் செய்த முதல் வேலை இது: ஒரு புதிய தாளை எடுத்து, 28 முதல் 34 வரை ஏழு கட்டங்களுக்கும் ஏழு வரி போட்டேன். 31 தவிர்ந்த ஒவ்வொரு கட்டத்துக்கு எதிரேயும் அதில் இருந்தவரின் பெயரை எழுதி, ஆறு தரம் முழுச் சொல்லாக ‘கிளியர்’ என்று எழுதினேன். 31க்கு எதிரே என் பெயரை எழுதி, ‘பார்க்கவில்லை’ என்று எழுதினேன்.